கழித்துக் கட்டப்பட்டவர்களா கனரக விமானிகள்?

விமானப்படையில் சேரத் துடிக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவதாகச் சொல்லிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை, துண்டிகல் விமானப்படை அகாடமியில் ஏற்கெனவே பயிற்சி பெறும் கேடட்டுகளின் பெற்றோரும் படித்திருப்பார்கள். அவர்களில் சிலருக்கு அன்றிரவு சோறு இறங்கியிருக்காது. பிள்ளைக்கு டிரான்ஸ்போர்ட் பிரிவு கிடைத்த செய்தி வந்ததும் தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தவர்கள் அவர்கள். கட்டுரையாளர் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீங்கள் கொண்டாடியது பிள்ளையின் தோல்வியை என்று சொல்லியிருக்கிறார்.

அவருடைய வாதத்தைத் திரிக்காமல் சுருக்கித் தருகிறேன். போர் விமானம் ஓட்டுபவனே முழு விமானி. அதற்குத் தேறாதவர்களைக் கழித்து, அந்தக் கழிவிலிருந்துதான் சரக்கு விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் ஆள் எடுக்கிறார்கள். சரக்கு விமானம் ஓட்டுவது வானத்தில் லாரி ஓட்டுவது, ஆபத்தில்லாத வேலை. அதை விரும்பிக் கேட்கும் கேடட்டின் கண் நாட்டின்மேல் இல்லை, பின்னாளில் கிடைக்கப்போகும் ஏர்லைன்ஸ் சம்பளத்தின்மேல். விமானப்படைத் தளபதியின் நாற்காலியும் போர் விமானிக்கே உரியது. ஆகவே, இளைஞனே, விருப்பம் கேட்டால் ஃபைட்டர் என்று மட்டும் சொல். வேறு எது கிடைத்தாலும் தோல்வி என்று எடுத்துக்கொள்.

‘டாப் கன்’ பார்த்துவிட்டு வந்த பதினைந்து வயதுப் பையன் இப்படிப் பேசினால் சிரித்துவிட்டுப் போகலாம். வழிகாட்டி என்று பெயர் போட்டுக்கொண்டு ஒருவர் எழுதும்போது பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. இந்தப் பேச்சை நம்பி உள்ளே போகும் பிள்ளை தன்னையும் தவறாக எடைபோடும், தான் ஏறப்போகும் விமானத்தையும் தவறாக எடைபோடும். வானத்தில் அந்தத் தவறுக்கு விலை அதிகம்.

முதலில் இந்தக் கழிவுக் கதையை எடுத்துக்கொள்வோம்.

என்டிஏ, சிடிஎஸ், ஏஎஃப்கேட், என்சிசி என்ற சேர்க்கை வழிகளில் எதில் வந்தாலும், பறக்கும் பிரிவுக்கு விண்ணப்பிப்பவர் சிபிஎஸ்எஸ் என்ற கணினிவழி விமானித் தேர்வைத் தாண்ட வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்பு. அதில் தவறியவர் பிறகு எந்த வாசல் வழியாக வந்தாலும் இந்திய விமானப்படையில் விமானியாக முடியாது. அடுத்து மருத்துவம். உயரம் குறைந்தது 162.5 செ.மீ., காலின் நீளம் 99 முதல் 120 செ.மீ.க்குள், தொடை 64 செ.மீ.க்கு மிகாமல், உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 செ.மீ.க்குள். பிள்ளைகள் வருடக்கணக்கில் படித்துவிட்டு வந்து ஓரிரு சென்டிமீட்டரில் வெளியே போகிறார்கள். இந்தச் சல்லடை பறக்கும் பிரிவு முழுவதற்கும் ஒன்றுதான். சரக்கு விமானத்துக்கென்று தாழ்வான தனி வாசல் எதுவும் கட்டிவைக்கவில்லை.

உள்ளே வந்த பிறகு எல்லோரும் முதலில் ஏறுவதும் ஒரே விமானத்தில்தான்: சுவிட்சர்லாந்தில் செய்த பிலாட்டஸ் பிசி-7. அதில் அடிப்படைப் பயிற்சி முடிந்த பின்புதான் பிரிப்பு. ஃபைட்டர் பிரிவுக்குப் போகிறவர்களின் பாதை கிரண் ஜெட், பிறகு பீதரில் ஹாக் என்று போகும். டிரான்ஸ்போர்ட் பிரிவினர் எலகங்காவில் டோர்னியரில் இரட்டை எஞ்சின் பழகுவார்கள். ஹெலிகாப்டர் பிரிவினருக்கு ஹக்கிம்பேட்டையில் சேத்தக். இந்தப் பிரிப்பில் நான்கு கணக்குகள் சேர்கின்றன. கேடட் வாங்கிய மதிப்பெண் ஒன்று. பின்னிருக்கையில் உட்கார்ந்து பறந்து பார்த்த பயிற்றுநரின் மதிப்பீடு இன்னொன்று. கேடட் எழுதிக் கொடுத்த விருப்பம் மூன்றாவது. அந்தப் பருவத்தில் எந்தப் பிரிவுக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற படையின் தேவை நான்காவது. இந்த நான்காவது கணக்கு, வேண்டுமென்றால், மற்ற மூன்றையும் விழுங்கிவிடும்.

கட்டுரையாளர் இந்த நான்காவது கணக்கை ஓரிடத்திலும் தொடவில்லை. தொட்டால் கழிவுக் கதை நிற்காது. இந்திய விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமான ஸ்குவாட்ரன்கள் 42. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் கடைசி மிக்-21கள் விடைபெற்றபோது கையில் எஞ்சியவை 29. மறுபக்கம், பழைய அவ்ரோக்களுக்கு மாற்றாக 56 சி-295 சரக்கு விமானங்களுக்கு 2021இல் ஒப்பந்தமானது. 2023 முதல் அவை வந்துகொண்டிருக்கின்றன. விமானம் குறையும் பிரிவில் இருக்கை குறைகிறது. விமானம் வரும் பிரிவில் விமானி தேவைப்படுகிறார். ஒரே திறமையுள்ள இரண்டு கேடட்டுகள் இரண்டு வெவ்வேறு ஆண்டில் துண்டிகலில் இருந்தால், அவர்களுடைய வாழ்க்கை இரண்டு வெவ்வேறு திசையில் போகலாம். அதை வைத்து ஒருவனுக்கு வீரன் என்றும் மற்றவனுக்குக் கழிவு என்றும் சான்றிதழ் எழுதுகிறவர் எந்தத் தராசை வைத்திருக்கிறார்?

ஃபைட்டர் பயிற்சியில் இடறிய சிலரை மற்றப் பிரிவுக்கு மாற்றுவது உண்டு. கட்டுரையாளர் கையில் இருக்கும் ஒரே உண்மைத் துணுக்கு அதுதான். அதை இழுத்து ஆடையாகத் தைத்துக்கொண்டார். அந்த மாற்றம் எதைச் சொல்கிறது? மணிக்கு எண்ணூறு கி.மீ. வேகத்தில், தலைகீழாக, பக்கத்து விமானத்தின் இறக்கையைப் பார்த்துக்கொண்டே முடிவெடுக்கும் வேகம் இவருக்கு வரவில்லை என்று சொல்கிறது. ஆறு மணி நேரம் மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்து, கடைசி ஐந்து நிமிடத்தில் குறுகிய ஓடுபாதையில் கச்சிதமாக இறக்கும் திறன் இவரிடம் இல்லை என்று அது சொல்வதில்லை. இரண்டும் இரண்டு வகைத் திறன். ஒன்றை வைத்து மற்றதை அளக்க முடிந்திருந்தால், விமானப்படை தனித்தனிப் பயிற்சி நிலையங்களுக்குச் செலவழித்திருக்காது.

அமெரிக்க விமானப்படையின் கதையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1990களின் தொடக்கம் வரை அங்கே பயிற்சி விமானிகள் எல்லோருமே ஒலியை விஞ்சும் டி-38 ஜெட்டில்தான் பயிற்சியை முடித்தார்கள். நாளைக்குச் சரக்கு விமானம் ஓட்டப்போகிறவரும் அதில்தான். பிறகுதான் பாதையைப் பிரித்தார்கள். போர் விமானத்துக்குப் போகிறவர் டி-38இல் தொடர்ந்தார்; டேங்கர், சரக்கு விமானம் என்று போகிறவர்களுக்கு டி-1 என்ற வேறு ஜெட் வந்தது. இவர்களுக்கு டி-38 ஓட்ட வரவில்லை என்பதா காரணம்? அத்தனை ஆண்டுகளாக ஓட்டிக்கொண்டுதானே இருந்தார்கள்? தேவையில்லாத பயிற்சிக்குப் பணம் போகிறது, வயதாகிவரும் டி-38களின் ஆயுள் தேய்கிறது என்ற கணக்குத்தான் காரணம். கணக்குப் பிள்ளை போட்ட கோட்டை நம் கட்டுரையாளர் கடவுள் போட்ட கோடு என்று நினைத்துக்கொண்டார்.

கழிவுக் கதைக்குப் பெண்கள் தரும் பதில் இன்னும் காரமானது. 1990களில் விமானப்படை பெண்களை விமானிகளாக எடுக்கத் தொடங்கியபோது அவர்களுக்குத் திறந்தது சரக்கு விமானமும் ஹெலிகாப்டரும் மட்டும். போர் விமானக் கதவு 2015 வரை விதியாகவே மூடியிருந்தது. அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் 2016 ஜூன் 18 அன்று அந்தக் கதவைத் தாண்டினார்கள். அதுவரை இருபது ஆண்டுக்கு மேல் பறந்த பெண்கள் எதில் தேறாமல் கழிக்கப்பட்டவர்கள்? 1999இல் கார்கில் மலைகளுக்கு இடையே ஆயுதமில்லாத சீட்டா ஹெலிகாப்டரை ஓட்டிக் காயம்பட்ட வீரர்களை எடுத்து வந்த குஞ்சன் சக்சேனாவும் ஸ்ரீவித்யா ராஜனும் பாதி விமானிகளா? அவர்கள் எழுதாத தேர்வில் அவர்களுக்குத் தோல்வி போட்டவர் கட்டுரையாளர் ஒருவர்தான்.

அடுத்தது லாரி. லாரி ஓட்டுவதில் என்ன இழிவு என்று அவர்தான் விளக்க வேண்டும். இந்த நாட்டின் அரிசியும் உப்பும் லாரியில்தான் வருகின்றன. அதை விடுவோம், ஒப்புமையைப் பார்ப்போம். மழை வலுத்தால் லாரிக்காரர் ஓரங்கட்டுவார். மேச்சுகா பள்ளத்தாக்குக்குள் நுழைந்துவிட்ட ஏஎன்-32 சரக்கு விமானம் எங்கே ஓரங்கட்டும்? அருணாசலப் பிரதேசத்தின் எல்லையோர இறங்குதளங்கள் பலவற்றில் இரண்டு பக்கமும் மலைச்சுவர். குறிப்பிட்ட இடத்தைத் தாண்டிவிட்டால் வளைந்து திரும்ப அகலம் இல்லை. மேலே ஏறித் தப்ப எஞ்சினில் அவ்வளவு வலு இல்லை. இறங்குவதா வேண்டாமா என்பதை அந்த இடத்துக்கு முன்பே, முன்னால் இருக்கும் மேகத்தின் நிறத்தைப் பார்த்து, முடிவு செய்தாக வேண்டும். லடாக்கில் தௌலத் பேக் ஓல்டி ஓடுபாதை 16,614 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய அறுபது சதவீதம். எஞ்சினுக்கு மூச்சு முட்டும், இறக்கைக்குப் பிடிமானம் குறையும், இறங்கும் வேகம் கூடும். நாற்பத்து மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2008 மே 31 அன்று அங்கே ஒரு ஏஎன்-32 இறங்கியது. 2013 ஆகஸ்ட் 20 அன்று சி-130ஜே சரக்கு விமானம் இறங்கியது. எண்ணெயும் சரக்கும் எத்தனை கிலோ, வெப்பநிலை எத்தனை டிகிரி, காற்று எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டு, ஒரு கணக்குத் தவறினாலும் மலையில் மோதும் வேலை அது.

ஆபத்து இல்லை என்கிறாரே, அந்தப் பேச்சைத் தாம்பரத்தில் நின்று சொல்லிப் பார்க்கட்டும். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32, 29 பேருடன் வங்கக் கடலுக்கு மேல் மறைந்தது. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில், சென்னைக் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 310 கி.மீ. தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதறல்கள் கண்டறியப்பட்டன. 2019 ஜூன் 3 அன்று ஜோர்ஹாட்டிலிருந்து மேச்சுகாவுக்குப் போன ஏஎன்-32 மலையில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். 2013இல் உத்தராகண்ட் வெள்ளத்தில் மக்களை மீட்கப் போன எம்ஐ-17 ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் அருகே விழுந்து 20 பேர் மாண்டார்கள். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன எம்ஐ-17 குன்னூர் அருகே விழுந்ததில் முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உட்பட 14 உயிர்கள் போயின. இவர்களில் எந்த விமானி ஆபத்தில்லாத வேலை பார்த்தார்?

ஒரு இயந்திர வேறுபாட்டையும் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. போர் விமானியின் இருக்கைக்கு அடியில் ராக்கெட் இருக்கிறது. எல்லாம் கைவிட்டுப்போனால் ஒரு கைப்பிடியை இழுத்து வெளியே பாயலாம். முதுகெலும்பு நசுங்கக்கூடும், ஆனாலும் பலர் பிழைத்திருக்கிறார்கள். சரக்கு விமானத்தில் அந்தக் கைப்பிடி கிடையாது. இருந்தாலும்கூட, பின்னால் நாற்பது ஜவான்கள் உட்கார்ந்திருக்கும்போது எந்தத் தலைமை விமானி அதை இழுப்பார்? அங்கே துணிச்சலின் பொருள் கடைசி நொடி வரை கையை எடுக்காமல் இருப்பது.

2019 பிப்ரவரி 27 காலையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அபிநந்தன் வர்தமான் மிக்-21இல் எல்லை தாண்டிப் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டார், பிடிபட்டார், நிமிர்ந்த தலையோடு திரும்பினார். தமிழ்நாடு அவரைக் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதும்தான். அதே காலை, அதே வான்சண்டை நடந்துகொண்டிருந்தபோது, ஸ்ரீநகர் அருகே பட்காமில் ஒரு எம்ஐ-17 ஹெலிகாப்டரை நம்முடைய ஏவுகணையே தவறாகச் சுட்டு வீழ்த்தியது. அதிலிருந்த விமானப்படையினர் ஆறு பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். அந்த ஆறு பேரில் ஒருவரின் பெயராவது கட்டுரையாளருக்குச் சொல்ல வருமா? வராது. வராததால்தான் ஆபத்து ஒரு பிரிவுக்கு மட்டும் சொந்தம் என்று அவரால் எழுத முடிகிறது.

வரலாறும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் முதல் சீக்கியப் படைப்பிரிவை இறக்கியவை டகோட்டா சரக்கு விமானங்கள்; அன்று அவை இறங்கியிராவிட்டால் பிறகு காப்பாற்ற விமானத் தளமே மிஞ்சியிருக்காது. 1948 மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங், பொறியாளர் சோனம் நோர்பு சிந்து நதிக்கரை மணலில் சமன்செய்த பாதையில், 11,500 அடி உயர லேயில், ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு டகோட்டாவை இறக்கினார். வரைபடம் சரியாக இல்லை. கேபினில் காற்றழுத்தம் கிடையாது. அதற்கு முன் யாரும் அப்படி இறங்கியதில்லை. இந்த மெஹர் சிங் யார்? இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் ஹரிக்கேன் போர் விமானங்களை வழிநடத்தி டிஎஸ்ஓ விருது பெற்றவர். இந்திய விமானப்படையில் அந்த விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. போர் விமானியாக உச்சத்தைத் தொட்டவர், நாட்டுக்குத் தேவையென்றதும் டகோட்டாவின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். மகாவீர் சக்கரமும் வந்தது. தான் கீழே இறங்கிவிட்டதாக அவர் நினைத்ததற்குச் சான்று எதுவும் இல்லை.

1971 டிசம்பரில் 44ஆம் ஸ்குவாட்ரனின் ஏஎன்-12 சரக்கு விமானங்கள் பின்கதவு வழியாகக் குண்டுகளை உருட்டி, பாகிஸ்தானின் சங்கா மங்கா காட்டிலிருந்த வெடிமருந்துக் கிடங்கைத் தாக்கின. அதை வழிநடத்திய விங் கமாண்டர் வசிஷ்ட் மகாவீர் சக்கரம் பெற்றார். டிசம்பர் 11 அன்று டாங்காயிலில் பாராசூட் படையை இறக்கி டாக்கா வழியைத் திறந்தவையும் சரக்கு விமானங்களே. 1988 நவம்பர் 3 இரவு, மாலத்தீவில் ஆட்சியைப் பிடிக்க வந்த கூலிப்படையை அடக்க, ஆக்ராவிலிருந்து இரண்டு ஐஎல்-76கள் கிளம்பி, இரண்டு முனையிலும் கடல் இருக்கும் ஹுல்ஹுலே ஓடுபாதையில் இறங்கின. ஓடுபாதை யார் கையில் இருக்கிறது என்று இறங்கும் வரை முழு உறுதி இல்லை.

ஈழத் தமிழ் வாசகர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்துக்கு மேல் வந்து உணவுப் பொதிகளைப் போட்டவை ஐந்து ஏஎன்-32கள். மிராஜ்-2000 போர் விமானங்கள் கூட வந்தன, காவலுக்கு. அன்று வேலை சரக்கு விமானத்துடையது. போர் விமானம் அதற்குத் துணை. அதே வானத்தில் 1990இல் இலங்கை விமானப்படை அவ்ரோக்களையும் ஒய்-12களையும் கொண்டு பீப்பாய்க் குண்டுகளை உருட்டிவிட்டது. சரக்கு விமானம் சோறும் போடும், சாவும் போடும் என்பதை யாழ்ப்பாணத்துக் கிழவிகள் பதுங்குகுழிக்குள் இருந்தே அறிந்தார்கள். ஆயுதமில்லாத சாதுவான வேலை என்று அதை நினைப்பதற்கு வானத்தைப் பார்க்காமலே வளர்ந்திருக்க வேண்டும்.

இன்றைய கணக்குக்கும் வருவோம். 2023 ஏப்ரல் 27–28 இரவு, சூடானில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, கார்ட்டூமுக்கு வடக்கே வாடி சய்யித்னாவில் ஒரு சி-130ஜே இறங்கியது. ஓடுபாதையில் விளக்கு இல்லை, வழிகாட்டும் கருவி இல்லை, நிரப்ப எண்ணெய் இல்லை, மேற்பரப்பும் சிதைந்திருந்தது. விமானிகள் இரவுக்கண்ணாடி அணிந்து, விமானத்தின் வெப்பக் கேமராவில் பாதையை ஆராய்ந்து இறக்கி, எஞ்சினை நிறுத்தாமலேயே 121 பேரை ஏற்றிக்கொண்டு எழும்பினார்கள். அந்த மீட்பு நடவடிக்கைக்குப் பெயர் ‘காவேரி’. இது லாரி ஓட்டுவது என்றால், அந்த லாரியைக் கட்டுரையாளர் ஒருமுறை ஓட்டிக் காட்டட்டும்.

போர் விமானியின் வேலை எளிது என்று நான் சொல்லவில்லை. 9ஜி திருப்பத்தில் எழுபது கிலோ மனிதனின் எடை அறுநூறு கிலோவைத் தாண்டும். ரத்தம் மூளையை விட்டு இறங்கப் பார்க்கும். அப்போதும் ரேடாரைப் படித்து, ஏவுகணையைத் தேர்ந்து, துணை விமானத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் தன் நாட் விமானத்தோடு தன்னந்தனியே பல பாகிஸ்தானிய சேபர் போர் விமானங்களை எதிர்த்து வீழ்ந்த நிர்மல் ஜித் சிங் செகோன், விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்கரத்துக்கு உரியவர். அவர் பெயரைச் சொல்லித்தான் கட்டுரையாளர் மற்றவர்களைத் தாழ்த்துகிறார். செகோனுக்குச் செய்யும் மரியாதை அதுவல்ல.

கட்டுரையாளரின் வீரப் பேச்சுக்கு அடியில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஃபைட்டர் என்றால் உயிரைப் பணயம் வைப்பது என்று அவர் பெருமையாக எழுதுகிறார். 1971–72 முதல் 2012 ஏப்ரல் வரை மிக் ரக விமானங்கள் 482 விபத்துகளைச் சந்தித்தன, 171 விமானிகள் இறந்தார்கள் என்று அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். இந்த 171 பேரும் எதிரியின் தோட்டாவில் சாகவில்லை. மெதுவான கிரணிலிருந்து இறங்கிய இளைஞர், தரையிறங்கும் வேகமே மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் உள்ள மிக்-21இல் நேராக ஏறினார். இடையில் ஒரு படி இல்லை. அந்தப் படி வேண்டும், மேம்பட்ட ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று விமான விபத்துகளை ஆராய்ந்த லா ஃபொன்டேன் குழு 1982இலேயே சொல்லிவிட்டது. ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2004இல். பீதருக்கு அது வந்து சேர்ந்தது 2008இல். அந்த இருபத்தாறு ஆண்டில் செத்த ஒவ்வொரு பயிற்சி விமானிக்கும் வீரமரணம் என்று மாலை போட்டோம். கோப்பை யார் மேசையில் தூங்கவைத்தார்கள் என்று கேட்கவில்லை. துணிச்சலை மட்டும் பாடுகிறவர்கள் அலட்சியத்துக்குத் திரை கட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு உண்மையில் வழிகாட்ட விரும்பும் ஒருவர், எந்தப் பிரிவு ஆண்மையானது என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, பயிற்சி விமானங்கள் போதுமான அளவு இருக்கின்றனவா என்று எழுதியிருப்பார்.

சம்பளக் குற்றச்சாட்டு அந்தக் கட்டுரையின் மிகக் கீழான இடம். குறுகியகாலப் பணியில் சேரும் விமானிக்கு அரசே விதித்திருக்கும் காலம் 14 ஆண்டு. அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடைக்க 20 ஆண்டு வேண்டும். அதாவது, முப்பத்தாறு முப்பத்தெட்டு வயதில், பள்ளி போகும் பிள்ளைகளோடு, ஓய்வூதியம் இல்லாமல் அவரை வெளியே அனுப்புவது அரசின் விதி. அதன் பிறகு அவர் ஏர்லைன்ஸில் வேலை தேடினால் அது பேராசையா? அப்படித் தேடுவதில் ஃபைட்டர், டிரான்ஸ்போர்ட் என்ற பேதமும் கிடையாது. 2009 ஜனவரி 15 அன்று, பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் செத்துப்போன பயணிகள் விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய செஸ்லி சல்லன்பர்கர், அமெரிக்க விமானப்படையில் எஃப்-4 பாண்டம் போர் விமானம் ஓட்டியவர். ஏர்லைன்ஸுக்குப் போனவர்களுக்கு நாட்டுப்பற்று இல்லை என்றால், அந்த 155 பேரிடம் போய்ச் சொல்லலாம்.

கடைசியாகத் தளபதி நாற்காலி. நம் விமானப்படைத் தளபதிகளில் மிகப் பெரும்பாலோர் போர் விமானிகள் என்பது உண்மை. அதிலிருந்து கட்டுரையாளர் எடுக்கும் முடிவுதான் வேடிக்கை. ஒரு நிறுவனம் தன் மேல்நாற்காலியை ஒரே பிரிவுக்குத் தொடர்ந்து கொடுத்துவந்தால், மற்றப் பிரிவினர் தாழ்ந்தவர்கள் என்று பொருளா, நிறுவனத்தின் பார்வை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருளா? 2007இல் தளபதியான ஃபாலி ஹோமி மேஜர் ஹெலிகாப்டர் விமானி. அந்தப் பிரிவிலிருந்து வந்த முதல் தளபதி. 1992 அக்டோபரில் பர்வானூ டிம்பர் டிரெயிலில் அறுந்து தொங்கிய கேபிள் காருக்கு மேலே எம்ஐ-17ஐ அசையாமல் நிறுத்தி, பயணிகளை ஒவ்வொருவராக மேலே தூக்கவைத்த மீட்புக்காகச் சௌர்ய சக்கரம் பெற்றவர். அமெரிக்காவில் குண்டுவீச்சு விமானத் தளபதிகளும் பிறகு போர் விமானத் தளபதிகளுமாகப் பிடித்துவைத்திருந்த நாற்காலியில், 2008இல் சி-130 விமானியான நார்ட்டன் ஷ்வார்ட்ஸ் உட்கார்ந்தார். கதவு இறுக்கமானது, பூட்டியது இல்லை. அதைவிட முக்கியமாக, இருபது வயதுக் கேடட் முப்பத்தைந்து ஆண்டு கழித்துக் கிடைக்கக்கூடிய ஒற்றை நாற்காலியை நினைத்துத் தன் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்கிறவர்தான், சம்பளத்தை நினைக்கிறவனைப் பேராசைக்காரன் என்று திட்டுகிறார்.

இந்த வாதங்களெல்லாம் உடைந்த பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பிள்ளைகளுக்கு அதுதான் தேவை. விருப்பப் படிவத்தில் எதை எழுதுவது? சுழன்றடிக்கும் பறப்பில் தலை தெளிவாக இருக்கிறதா, கிறுகிறுக்கிறதா என்று பிசி-7இலேயே தெரிந்துவிடும். ஃபார்மேஷன் பறப்பில் அடுத்த விமானத்தோடு ஒட்டிப் போவது இயல்பாக வருகிறதா, ஒவ்வொரு நொடியும் போராட்டமாக இருக்கிறதா? தனியாக நொடியில் முடிவெடுப்பதில் மனம் மலர்கிறதா, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நீண்ட வேலையைப் பிசகாமல் முடிப்பதிலா? எண்ணெய், எடை, வானிலை என்று கணக்குப் போடுவது சுமையா, சுவையா? ஆசை ஃபைட்டர்மேல் இருந்தால் தாராளமாக அதையே எழுதட்டும். அது நல்ல ஆசை. மலைக்குள் நுழைந்து சரக்கை இறக்குவதில் மனம் லயித்தால் கூசாமல் அதை எழுதட்டும். எதை எழுதினாலும் படையின் தேவை அதை மாற்றக்கூடும் என்று தெரிந்துகொண்டு எழுதட்டும். மாறி வந்ததைத் தண்டனையாகச் சுமக்கும் விமானி, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஆபத்து. அந்த மனநிலையைத்தான் கட்டுரையாளர் அறிவுரையாக விற்றிருக்கிறார்.

2019 பிப்ரவரி 26 அன்று பாகிஸ்தானின் பாலாகோட்டைத் தாக்கப் போன மிராஜ்களுக்குப் பின்னால், வானத்திலிருந்தே எதிரியைக் கண்காணித்த நேத்ரா விமானமும், எண்ணெய் கொடுக்க ஐஎல்-78 டேங்கரும் பறந்துகொண்டிருந்தன. அவற்றை ஓட்டியவர்களும் மிராஜ் விமானிகளைப் போலவே அடிப்படைப் பயிற்சியில் தொடங்கியவர்கள்தான். அன்று மிராஜ் விமானிகள் யாரும் அவர்களைப் பாதி விமானிகள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். எண்ணெயும் எச்சரிக்கையும் எங்கிருந்து வருகின்றன என்பது காக்பிட்டில் இருப்பவருக்குத் தெரியும்.

ஆகவே துண்டிகல் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். விருப்பப் படிவம் கைக்கு வரும்போது பயிற்றுநரிடம் பேசுங்கள். தாம்பரம் பயிற்றுநர் பள்ளியில் கற்பிக்கக் கற்று வந்தவர்கள் அவர்கள். உங்கள் பின்னிருக்கையில் உட்கார்ந்து, உங்கள் கை எங்கே தடுமாறுகிறது, எங்கே நிமிர்கிறது என்று பார்த்தவர்கள். கட்டுரையாளர் பார்த்தது உங்களை அல்ல, ஒரு சுவரொட்டியை.